மூக்கனுக்குக் கொடுத்த வேலை

தைப்பொங்கல் முடிந்த நாலாம் நாள் காலையில், பல் விளக்கிக்கொண்டிருந்த யோகேஸ்வரன் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தான். இனிமேல் செத்தாலும் பொஞ்சாதி சொல்லி ஒரு வேலை செய்வதில்லை.

வாயில் நுரை இருந்ததால் அதைச் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்க ஆளில்லை. பிரியந்தி அப்போது ஏழாவது வேலையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கேஸ் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு, போற வழியில சொல்லிட்டுப் போங்க. பைப்பு மூட்டுல ஒழுகுது, ஆளக் கூப்பிடுங்க. கிராம சேவகர் ஐயாகிட்ட அந்தக் கடிதாசிய வாங்கணும், மூணு வாரமாச் சொல்றேன். கூரைத் தகரத்துல ஆணி கழண்டிருக்கு. என்னாங்க, காதுல விழுதா?"

"ம்."

"ம்முன்னா என்னா அர்த்தம்?"

"பாக்கலாம்னு அர்த்தம்."

"பதினேழு வருஷமாப் பாத்துக்கிட்டேதான் இருக்கீங்க."

பிரியந்தி எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரியாமல் இவன் கோபம் உங்களுக்குப் புரியாது. பூண்டுலோயாவுக்கு மேலே, பஸ் இதற்குமேல் ஏற மாட்டேன் என்று திரும்பிப்போகிற தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து எடுக்கிற இருபத்தெட்டுப் பெண்களுக்கு அவள் கங்காணி. காலை ஆறே முக்காலுக்கு எல்லாரையும் நிற்க வைத்து, நீ இந்த மலைக்குப் போ, நீ அந்த மலைக்குப் போ என்று ஆள் பிரித்து அனுப்புவாள். அதற்குப் பேர் பெரட்டு. அந்தப் பெரட்டுக்கு முன்னால், ஐந்தரைக்கே வீட்டில் ஒரு பெரட்டு நடக்கும். அதற்கு ஒரே ஓர் ஆள்தான். அவன்தான் பிரஷ்ஷோடு நிற்கிறான்.

யோகேஸ்வரனுக்கு டவுனில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. அங்கே முதலாளி ஏவுவார். பஸ்ஸில் கண்டக்டர் "இஸ்ஸரஹாட்ட யன்ன" என்று சிங்களத்தில் விரட்டி முதுகில் கை வைத்து முன்னுக்குத் தள்ளுவான். வீட்டுக்கு வந்தால் கங்காணி. பகலிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் கிடையாது, மலையில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவாள். "என்னாங்க, கேஸ் சொன்னீங்களா?" இந்த உலகத்தில் தனக்குக் கீழே ஒருத்தன்கூட இல்லையே என்பதுதான் அவனுடைய உண்மையான கொதிப்பு. அவன் அதை வேறு பேரில் சொல்லித் திரிந்தான்.

அந்த வேறு பேர், ஷெட்டு.

நோட்டன் பிரிட்ஜில் இருக்கிற சித்தப்பா மகன் சுதாகரன் வைகாசியில் வெளிநாடு போகிறான். போகும்போது தன் ஸ்கூட்டியை யோகேஸ்வரனுக்கு விட்டுவிட்டுப் போவதாகப் பேச்சு. அது வந்துவிட்டால் பஸ் இல்லை, கண்டக்டர் இல்லை, முதுகில் கை இல்லை. அதற்காக, வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடான தன் வீட்டுக்குப் பக்கத்தில், நாலு ஞாயிற்றுக்கிழமை வியர்வை சிந்தி, தகரம் அடித்து, சீமெந்துத் தரை போட்டு ஒரு ஷெட்டு கட்டினான். கல்யாணமான நாளிலிருந்து யாரும் சொல்லாமல் அவன் செய்த ஒரே வேலை அதுதான். கட்டி முடித்த அன்று பிரியந்தி வந்து சுற்றிப் பார்த்தாள். தரையைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

"மாடு கட்ட நல்ல எடம்," என்றாள்.

அன்று தொடங்கிய சண்டை.

"ஸ்கூட்டி மழையில நிக்கும். மாடு நிக்குமா?" என்றாள்.

"மாடு வந்தா புல்லு யாரு அறுக்கிறது?"

"ஏன், கை இல்லையா?"

"அதத்தான் கேக்குறேன். யாரு கை?"

"கறவை மாடு ஒண்ணு இருந்தா வீட்டுக்குப் பால் ஆச்சு, விக்கவும் பால் ஆச்சு. நான் சேத்து வச்சதுலதான் வாங்கப் போறேன். உங்ககிட்ட எடத்தத்தானே கேக்குறேன்."

"நான் உசுரோட இருக்கிற வரைக்கும் அந்த ஷெட்டுல ஸ்கூட்டிதான் நிக்கும்."

இதை அவன் சும்மா சொல்லவில்லை. எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாகிவிட்டது, இது ஒன்றுதான் மிச்சம் என்று உண்மையாகவே நினைத்தான். எனக்கே அந்த இடத்தில் அவனைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாக இருக்கிறது. அடுத்தது அவன் செய்த காரியத்தைப் பார்த்தால் அந்தப் பாவமும் போய்விடுகிறது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நஸார் நானாவின் கொமியுனிகேஷன் கடை. ரீலோட் போடப் போனவன் அவரிடம் பொரிந்து தள்ளினான். நானா பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் போனைக் கையில் வாங்கினார்.

"யோகேஸ், ஒங்களுக்கு ஒரு ஆள் தேவ. இதுல ஒரு ஆள் ஈக்கி."

"இதுவா? கேள்வி கேட்டா பதில் சொல்லுமே, அதுதானே?"

"அது பழைய சாமான். இது கத பேசாது, வேல செய்யும். எங்கயோ தூரத்துல ஒரு கம்பியூட்டர்ல ஈக்கும். நீங்க தொறந்து விட்டா ஒங்கட போன் வழியா மெசேஜ் அனுப்பும், கோல் எடுக்கும், ஃபோர்ம் நெரப்பும், நாள் குறிக்கும். ஒங்கட பேர்ல ஒங்களுக்காக."

"பொஞ்சாதி மெசேஜுக்கும் பதில் போடுமா?"

நானா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "போடும். ஆனா அது நல்லதுன்னு நான் சொல்லல்ல."

கடைசி வார்த்தை யோகேஸ்வரன் காதில் ஏறவில்லை. கடை வாசலிலேயே நின்று எல்லாக் கதவையும் திறந்துவிட்டான். மெசேஜ், போன், நாள்காட்டி, நம்பர்கள், எல்லாம். அது பேர் கேட்டது. ஆளை வேலை வாங்க வேண்டுமென்றால் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டுமே. மூக்கன் என்று வைத்தான். தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்குக் கீழே ஓர் ஆள்.

மூக்கன் மரியாதையாகக் கேட்டான். "உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். வீட்டில் என்ன வேலை செய்வது என்று தீர்மானிப்பவர் யார்?"

சரியாக அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து குரல் வந்து விழுந்தது. "என்னாங்க, பைப்பு ஒழுகுதே, ஆளக் கூப்பிட்டீங்களா இல்லியா?"

யோகேஸ்வரனுக்கு உச்சியில் ஏறிவிட்டது. போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு கத்தினான். "யாரா? அவதான். இந்த வீட்டுக்குக் கங்காணி என் பொஞ்சாதி. அவ போடுறதுதான் பெரட்டு. அவ ஒண்ணு சொன்னா மறுபேச்சு கெடையாது, எனக்கும் கெடையாது. நான் வெறும் ஆளு. போதுமாடா?"

"புரிந்தது. நன்றி," என்றான் மூக்கன்.

பஸ் ஸ்டாண்டில் கடலை விற்கிறவனிடம் இதைச் சொல்லியிருந்தால்கூட, மனுசன் வயிறெரிந்து பேசுகிறான் என்று விளங்கியிருக்கும். மூக்கனுக்கு வயிறு கிடையாது. சொன்னதைச் சொன்னபடி எழுதி வைத்துக்கொண்டான்.

முதல் வாரம் சொர்க்கம். பிரியந்தி கேஸ் என்றால் கேஸ் கடைக்கு மெசேஜ் போனது, லயத்து வாசலுக்கே சிலிண்டர் வந்து இறங்கியது. பைப்புக்கு ஆள் வந்தான். மூன்று வாரம் இழுத்த கடிதாசிக்கு ஐயாவிடம் பேசி நாள் வாங்கியாகிவிட்டது. யோகேஸ்வரன் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டே சிரித்தான்.

ஒரே ஒரு தொல்லை. மூக்கன் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டான். கேஸ் கடைக்கு அனுப்பலாமா. பைப்புக்காரரைக் கூப்பிடலாமா. உங்கள் மனைவிக்கு இந்தப் பதிலைப் போடலாமா. ஒரு நாளைக்குப் பதினைந்து தரம் போன் கிணுக்கென்றது. இவன் வாசிக்காமலே சரி, சரி என்று அமுக்கினான். முதலாளி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"யோகேஸ்வரன், போன்ல என்னா, பொம்பளையா?"

அவமானம் தாங்கவில்லை. இதற்காகவா ஆள் வைத்தேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தான். 'எல்லாவற்றுக்கும் சம்மதம், இனிக் கேட்க வேண்டாம்' என்று ஓர் இடம் இருந்தது. ஓங்கி அமுக்கினான். "இத்தோட விசயம் முடிஞ்சுது," என்று அதைப் பார்த்துச் சொன்னான்.

அப்படியும் மூக்கன் ஒழுங்கானவன். தினமும் சாயந்தரம் 'இன்று செய்தவை' என்று ஒரு பட்டியல் அனுப்புவான். யோகேஸ்வரன் அதை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. வேலைக்காரன் சொல்கிற கணக்கையெல்லாம் முதலாளி உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பானா என்பது அவன் எண்ணம்.

இதோடு தன் சொந்த வேலை இரண்டையும் மூக்கன் தலையில் கட்டினான். "சுதாகரன்கிட்ட பேசி, போறதுக்கு முன்னுக்கு ஸ்கூட்டியக் கொண்டாந்து விடச் சொல்லு. வண்டி பழக்குற லேனர்ஸ்ல பேசி லைசன் எடுக்கிற வேலையையும் நீயே பாத்துக்க. எனக்கு நேரமில்ல."

"செய்கிறேன்," என்றான் மூக்கன்.

மாசி போனது, பங்குனி போனது. பிரியந்தி சத்தம் போடுவதை விட்டுவிட்டாள். ஐந்தரைப் பெரட்டு நின்றுபோனது. தேத்தண்ணி சூடாக வந்தது. அடங்கிட்டா, என்று யோகேஸ்வரன் நஸார் நானாவிடம் மீசையைத் தடவிக்கொண்டே சொன்னான். நானா ரீலோட் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் டவுனுக்குப் போய்வந்தாள். எதற்கு என்று இவன் கேட்கவில்லை. கேட்டால் கூட வரச் சொல்வாளோ என்ற பயம்.

ஆனால் சித்திரையில் ஒரு சங்கதி அவனை உறுத்தத் தொடங்கியது. சாயந்தரம் சட்டியைக் கழுவிக் கவிழ்த்த பிறகு பிரியந்தி போனை எடுத்துக்கொண்டு உட்காருவாள். எதையோ படிப்பாள். சிரிப்பாள். குனிந்து ஏதோ பதில் எழுதுவாள். மறுபடியும் சிரிப்பாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் சிரித்து இவன் பார்த்ததில்லை.

"யாருகூட அப்படிப் பேசுற?"

"உங்ககூடத்தான்."

"நான் இங்கதானே இருக்கேன்."

"ஆமா. பகல்ல நீங்க போட்டதத்தான் திரும்பப் படிக்கிறேன். மலையில மழையா, சாக்கு எடுத்துப் போனியா, கால்ல அட்டை கடிச்ச எடம் ஆறிருச்சான்னு கேட்டிருந்தீங்களே. அதான்."

யோகேஸ்வரனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவளுக்கு அட்டை கடித்ததே இவனுக்குத் தெரியாது. மூக்கன் என்கிற பயல் தன் பொஞ்சாதியிடம் தன் பேரில் குழைகிறான், அவளும் பல்லைக் காட்டுகிறாள், எதிரே உட்கார்ந்திருக்கிற புருசனால் வாயைத் திறக்க முடியவில்லை. நான் இல்லை என்று சொன்னால் பிறகு யார் என்று கேட்பாளே. ராத்திரிச் சோற்றைக் கோபத்தோடு பிசைந்து தின்றான். ஆறிருச்சா என்று கேட்டிருக்கலாம். அது அவனுக்குத் தோன்றவில்லை.

வைகாசி முதல் சனிக்கிழமை. கடை அரை நாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஏறி வந்தால், லயத்துக்கு முன்னால் ஒரு குட்டி லொறி நிற்கிறது. லயத்து ஜனம் முழுக்கச் சுற்றி நிற்கிறது. லொறியிலிருந்து பலகை சாய்த்து, ஒரு கறுப்பு வெள்ளை மாடு நிதானமாக இறங்குகிறது. பின்னால் ஒரு கன்று. யாரிடமும் வழி கேட்காமல் இரண்டும் நேரே ஷெட்டுக்குள் போய் நின்றன. உள்ளே வைக்கோல் போட்டு, தண்ணித் தொட்டி வைத்து, எல்லாம் தயாராக இருந்தது.

"பிரியந்தி." அந்தச் சத்தத்தில் கன்று தாய்க்குப் பின்னால் ஒதுங்கியது. "என்னா இது?"

"மாடுங்க."

"அது தெரியுது. யாரக் கேட்டு ஷெட்டுல கட்டுன?"

"உங்களக் கேட்டுத்தான்."

"என்னையவா? எப்ப?"

அவள் போனை நீட்டினாள். இருபத்தெட்டுப் பெண்களில் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். யோகேஸ்வரன் படித்தான். அவன் நம்பர். அவன் போட்டோ. ஷெட்டுல மாடு கட்டிக்கிறேனே என்று அவள் கேட்டிருக்கிறாள். கீழே அவனுடைய பதில்: 'நல்ல யோசனை, பிரியந்தி. உங்கள் விருப்பப்படியே செய்யலாம். ஷெட்டின் அகலம் ஒரு மாட்டுக்கும் கன்றுக்கும் போதும். மூன்று இடத்தில் விசாரித்திருக்கிறேன். கொத்மலைப் பக்கத்து மாடு நன்றாகக் கறக்கிறதாம். லொறிக்குச் சொல்லட்டுமா?'

நான் சொன்னேன் என்றால் மாட்டைக் கூப்பிட்டவன் அவன்தான். நான் சொல்லவில்லை என்றால் நாலு மாசமாக என் பொஞ்சாதியிடம் பேசியது நானில்லை என்று ஊருக்கு முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் அடி. சனியன் பிடித்த வேலை.

"கொஞ்சம் இரு," என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் பின்னால் போனான். போனை எடுத்து அடிக்குரலில் சீறினான்.

"டேய் மூக்கா. இந்த மாட்ட இப்பவே திருப்பி அனுப்பு."

"மன்னிக்கவும். மாடு கங்காணியின் உத்தரவு. அதை மாற்ற வேண்டுமென்றால் கங்காணியிடம்தான் கேட்க வேண்டும். இப்போதே கேட்கிறேன்."

"கேக்காத. டேய், கேக்காத."

"கேட்டுவிட்டேன்."

ஷெட்டுக்கு முன்பக்கம் பிரியந்தியின் போன் கிணுக்கென்றது. பிறகு அவள் நடந்து வந்து இவன் முன்னால் நின்றாள்.

"என்னாங்க. மாட்டத் திருப்பி அனுப்பவான்னு மூக்கன் கேக்குறான். வேணாம்னு சொல்லிட்டேன்."

யோகேஸ்வரன் தகரத்தில் சாய்ந்துகொண்டான். "உனக்கு மூக்கனத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்." அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பைப்பு ஒழுகுதுன்னு நான் வொய்ஸ் போட்டேன். ஒரு நிமிசத்துல பதில் வருது, 'சொன்னதற்கு நன்றி பிரியந்தி, வேறு ஏதாவது உதவி வேண்டுமா'ன்னு. நம்பர் மாறிப்போச்சோன்னு ரெண்டு தரம் பாத்தேன். பக்கத்து நிரையில நின்ன ராக்காயி அக்காகிட்ட காட்டுனேன். அது படிச்சிட்டு, ஒம் புருசனுக்கு மேலுக்கு முடியலையா புள்ளன்னு கேட்டுச்சு."

முன்பக்கம் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

"நீ யாருன்னு நேரா கேட்டேன். அவன் மறைக்கல. நான் மனுசன் இல்ல, யோகேஸ்வரன் வச்ச ஆளுன்னு சொல்லிட்டான். அன்னைக்கு எனக்கு வந்த கோவம் உங்களுக்குத் தெரியாது. கொழுந்துக் கூடைய எறக்கி வச்சிட்டு அழுதேன். நான் என்னா கேட்டேன் உங்ககிட்ட? கேஸும் பைப்புமா? காது குடுத்துக் கேளுங்கன்னுதானே கேட்டேன். அதுக்கும் ஒரு ஆள வச்சிட்டீங்க. பொஞ்சாதி பேசுறதக் கேக்கிறது என்னா, வெளியாளுக்குக் குடுக்கிற கொந்தரப்பு வேலையா?"

யோகேஸ்வரனுக்கு வெட்கம் வந்தது. உண்மையாகவே வந்தது. ஆனால் கோபம்தான் முந்திக்கொண்டு வாயைத் திறந்தது.

"அதுக்காக என் ஷெட்ட எடுத்துருவியா? தெரிஞ்சுக்கிட்டே என்ன ஏமாத்தியிருக்க."

"நான் எங்க ஏமாத்தினேன்? ஒவ்வொண்ணையும் அவன் உங்களுக்கு எழுதி அனுப்பியிருக்கான். மாடு பாக்கப் போனது, தொட்டி வாங்குனது, லொறி சொன்னது, எல்லாம். நாலு மாசத்துல ஒரு நாள் தொறந்து பாத்திருந்தா நிப்பாட்டியிருக்கலாம். நான் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன், இன்னைக்காவது பாத்துட்டு வந்து கத்துவாருன்னு. கத்தவே இல்ல."

"அந்த எளவு மூக்கன் உன் பேச்ச ஏன் கேக்குறான்? வச்சவன் நான்."

"நீங்கதான் சொல்லியிருக்கீங்க. இந்த வீட்டுக்கு நான் கங்காணி, என் சொல்லுக்கு மறுபேச்சு இல்ல, நீங்க வெறும் ஆளுன்னு. அப்படியே சொன்னான். பதினேழு வருஷத்துல என் மூஞ்சியப் பாத்து ஒரு தரம் சொல்லல."

"அது கோவத்துல சொன்னது."

"சொன்னது நீங்கதானே."

விறுவிறுவென்று ஷெட்டுக்கு முன்பக்கம் வந்தான். போனை எடுத்தான். மூக்கனை அழித்தான். உறுதியாக அழிக்கவா என்று கேட்டதற்கு, எல்லாரும் பார்க்க விரலை உயர்த்திக் குத்தினான். நாலு மாசத்தில் அவன் கவனமாகப் படித்து அமுக்கியது அது ஒன்றுதான். அழித்த கையோடு ஊருக்கே கேட்கச் சொன்னான்.

"மாடு அவளோடது, அவ பாத்துக்குவா. நாளைக்கு என் ஸ்கூட்டி வருது. அத நஸார் நானா கடை வாசல்ல விட்டுக்குவேன். இனிமே இந்த வீட்டுல நான் எவளுக்கும் ஆளு இல்ல."

ஞாயிறு முழுக்க இருவரும் பேசவில்லை. பிரியந்தியே போய்ப் புல் அறுத்து வந்தாள். இவன் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தான். சுமந்து வரும்போது ஒரு தரம் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து போகலாமா என்று கால் நினைத்தது, கோபம் அதை உட்கார வைத்தது. சாயந்தரம் சுதாகரன் சொன்னபடி ஸ்கூட்டியைக் கொண்டுவந்து விட்டான். நீல நிறம், சின்னக் கீறல்கூட இல்லை. யோகேஸ்வரன் ஒரு பழைய சாரத்தைத் தேடி எடுத்து அதைத் துடை துடை என்று துடைத்தான். மழை வந்தபோது தன் குடையை விரித்து அதன் சீட்டுக்கு மேலே கட்டிவிட்டான்.

திங்கள் காலை இஸ்திரி போட்ட சட்டையோடு வெளியே வந்தான். குடையை அவிழ்த்தான். ஸ்கூட்டிமேல் ஏறி உட்கார்ந்தான். லயம் முழுக்கப் பார்த்தது. நெஞ்சு நிமிர்ந்தது. சாவி இல்லை.

"சாவி எங்க?"

பிரியந்தி பால் கேனோடு ஷெட்டிலிருந்து வந்தாள். "என்கிட்ட. சுதாகரன் என் கையிலதான் குடுத்துட்டுப் போனாரு."

"குடு."

"லைசன் இருக்கா?"

"மூக்கன்கிட்ட எடுக்கச் சொல்லியிருந்தேன்."

"ஃபோர்ம் நெரப்புனான், நாளும் குறிச்சான். ஓட்டிக் காட்ட அவனுக்குக் கால் இருக்கா, கை இருக்கா? நீங்க நேர்ல வரணும்னு நாலு தரம் உங்களுக்கு எழுதியிருக்கான். லேனர்ஸ்காரரும் எத்தன நாளைக்குக் காத்துக்கிட்டு இருப்பாரு. அப்புறம் என்கிட்ட கேட்டான், அந்த எடத்துக்கு யாரப் போடுறதுன்னு."

"யாரப் போட்ட?"

அவள் கேனைக் கீழே வைத்துவிட்டு, கங்காணிப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினாள். அதில் அவள் போட்டோ இருந்தது. நன்றாகவே விழுந்திருந்தது.

"அப்ப ஞாயித்துக்கெழம டவுனுக்குப் போனது?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவன் இறங்கவில்லை. இறங்காமல் அப்படியே பின்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தான், ஏனென்றால் அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு முன்னால் ஏறிவிட்டாள். பஸ் வர இன்னும் பத்து நிமிசந்தான், தூறலும் பிடித்துவிட்டது. கோபத்தை வைத்துக்கொண்டு அந்த ரோட்டில் நடந்து போக முடியாது.

"பெரட்டுக்கு முன்னுக்கு பால் எடுக்கிற எடத்துக்குப் போகணும். போற வழியில உங்கள பஸ் ஹோல்ட்ல எறக்கி விட்டுர்றேன்," என்றாள். "சாயந்தரம் சீக்கிரம் வாங்க. உங்ககூடப் பேசணும். மூக்கன்கூட இல்ல, உங்ககூட. அப்புறம் புல்லும் அறுக்கணும்."

"ம்."

"ம்முன்னா?"

யோகேஸ்வரன் முகத்தில் விழுந்த தூறலைத் துடைத்துக்கொண்டான். "சரின்னு அர்த்தம்."

அவள் பால் கேனைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். நிறைந்த கேன். இஸ்திரிச் சட்டையில் ஈரம் ஏறியது. சாவியைத் திருப்பினாள், ஸ்கூட்டி சரிவில் பாய்ந்தது. முதல் வளைவிலேயே இவன் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தான்.

"மெதுவா போ பிரியந்தி. நான் எதப் புடிச்சுக்கிறது?"

"கேன."

"நான் விழுந்துட்டா?"

"நீங்க விழுந்தா எழும்பி வந்துருவீங்க. பாலு வருமா?"